வட்டாரத்துக்கு ஒரு பொது சுகாதாரப் பட்டதாரி

காசநோய் உறுதியாகி அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வரும் ஒருவரிடம் தமிழ்நாட்டில் இப்போது ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு வாங்குகிறது, விரலில் மாட்டும் சிறு கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுகிறது, எதையும் பிடிக்காமல் அவரால் எழுந்து நிற்க முடிகிறதா. எக்ஸ்ரே தேவையில்லை, ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அளவுகள் அபாயக் கோட்டைத் தாண்டியிருந்தால், மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாமல், மேல்பரிசோதனை செய்து உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். 2022-ல் தொடங்கிய ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இப்படித்தான் இயங்குகிறது.

இந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன? சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. காசநோயால் இறப்பவர்களில் கணிசமானோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துபோகிறார்கள், அவர்களில் பலர் எலும்பும் தோலுமாக வந்தவர்கள் என்பது பதிவேடுகளை அடுக்கி எண்ணிப் பார்க்கும்போதுதான் துலங்குகிறது. நூறு நோயாளிகளைத் தனித்தனியே கவனித்த மருத்துவருக்கு இது மங்கலாகத் தெரிந்திருக்கலாம். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தவருக்குத்தான் எதைக் கேட்பது, யார் கேட்பது, எந்த இடத்தில் கேட்பது என்ற மூன்றும் பிடிபடும்.

இப்படிப்பட்ட வேலையைச் செய்ய விரும்பும் ஒரு பிளஸ் டூ மாணவி எந்தக் கல்லூரிக்குப் போவாள்? நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் சமூக மருத்துவம் படிக்கலாம். குறைந்தது எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகும். வேறு ஏதாவது ஒரு பட்டம் வாங்கிவிட்டு முதுநிலையில் பொது சுகாதாரத்துக்குத் திரும்பலாம். நாட்டில் சில தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இளநிலையிலேயே இந்தப் படிப்பைத் தருகின்றன. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு அது உண்டு. நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் உள்ள இந்த மாநிலத்தில், அந்தக் கல்லூரிகளில் பொது சுகாதாரம் வழக்கமான இளநிலைப் பாடப்பிரிவாக இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரத்துக்கென்று 1939-ல் முழுமையான சட்டம் இயற்றிய மாகாணத்தின் வாரிசு நாம் என்பதை நினைத்தால், இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மருத்துவமனைக்கு வெளியே

காசநோயையே பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். ஒரு காலத்தில் காசநோய் வந்தால் ஊருக்கு வெளியே, நல்ல காற்று வரும் இடத்தில், மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டும். அதற்காகக் கட்டப்பட்டவைதான் சானடோரியங்கள். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கியது அப்படி ஒன்று. இன்றும் மின்சார ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று அறிவிக்கிறார்கள். இறங்குகிற பலருக்கு அது வெறும் நிறுத்தத்தின் பெயர்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாநில அரசு ஆகியவை கூட்டாக ஒரு காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர் அதை வழிநடத்தினார். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது, ஆனால் அன்றைக்குத் துடுக்கானது: புதிதாக வந்திருக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே சாப்பிட்டால் என்ன? நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம்: நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு. மறு பாதிக்கு அவரவர் வீடு: நெரிசல், அரைவயிறு, வேலை. யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் தீர்மானித்தது. 1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை கூடினார்கள். ஆனால் நோய் குணமாவதில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இன்னும் முக்கியமானது, வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது சிகிச்சைக்கு முன்பே தொற்றியிருந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அந்த ஆய்வை நடத்தியவர்கள் யார் என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம். மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களோடு புள்ளியியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், வீடு வீடாகப் போகும் செவிலியர்களும் இருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதமுள்ள மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உடம்பில் இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ‘சாப்பிட்டேன்’ என்று நோயாளி சொன்னதை மட்டும் நம்பியிருந்தால், அந்த ஆய்வுக்கு உலகம் காது கொடுத்திருக்காது. கதவைத் தட்டி, திண்ணையில் உட்கார்ந்து, ஒருவரைக் குற்றவாளி ஆக்காமல் மாத்திரை எண்ணத் தெரிந்திருப்பது ஒரு திறமை. அதை மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் வகுப்பு கற்றுத்தராது.

சென்னையில் செய்யப்பட்ட இன்னொரு வேலை இதைவிட நுட்பமானது. வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் அவர்களுடைய சகாக்களும் 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போனார்கள். போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள். இறந்தவரின் மனைவியிடமோ அண்ணனிடமோ உட்கார்ந்து, எப்படி ஆரம்பித்தது, இருமல் எத்தனை மாதம் இருந்தது, சளியில் ரத்தம் வந்ததா, பீடி குடிப்பாரா என்று கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி வந்தார்கள். அதைப் படித்து மரணத்தின் காரணத்தைக் குறித்தவர்கள் மருத்துவர்கள். கடைசியில் தெரியவந்தது: புகைபிடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், புகைபிடிப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். புகையிலை என்றால் புற்றுநோய், மாரடைப்பு என்று பேசிக்கொண்டிருந்த உலகத்துக்கு, பீடியும் காசநோயும் எப்படிக் கைகோத்திருக்கின்றன என்று காட்டியது தமிழ்நாட்டு வீடுகளில் எழுதப்பட்ட அந்தக் குறிப்புகள்தான்.

கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் அவன் எப்படி இறந்தான் என்று கேட்பதற்கு, அழுகை வந்தால் எங்கே நிறுத்த வேண்டும், எந்தக் கேள்வியை எதற்குப் பின் வைக்க வேண்டும், பதிலை நம் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாமல் எப்படிக் காத்திருப்பது என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் இலக்கியமோ சமூகவியலோ படித்த பிள்ளைக்கு இது கைவரும். அதே பிள்ளைக்குக் கொஞ்சம் புள்ளியியலும் கற்றுக்கொடுத்தால், சேகரித்ததை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

கொசுவும் குடமும்

இளநிலையில் இதை எப்படிக் கற்பிப்பது என்று கேட்பவர்களுக்கு, டெங்குவிலிருந்து ஒரு மாதிரிப் பாடம் சொல்கிறேன். மழைக்காலத்தில் கொசுப்புழு தேடி வரும் பணியாளர்களை எல்லாரும் பார்த்திருப்போம். தொட்டியில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், மருந்து ஊற்றுவார்கள், கதவில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் சேகரிப்பதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கும். நூறு வீடுகளில் எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்பது ஒன்று. நூறு வீடுகளுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருந்தது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது எண்ணுக்கு பிரெட்டோ குறியீடு என்று பெயர். ஒரு தெருவில் எட்டு வீடுகளில் மட்டும் புழு இருந்து, அந்த எட்டு வீடுகளிலும் சேர்த்து முப்பது பாத்திரங்களில் புழு இருந்தால், இரண்டு எண்களும் வேறு வேறு கதை சொல்லும். முதல் எண்ணை மட்டும் பார்க்கிற அதிகாரி நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

முதலாண்டு மாணவருக்கு இதைக் கணக்கிடச் சொல்லிக்கொடுப்பது ஒரு வாரத்து வேலை. அடுத்த கேள்விதான் நீளமானது. ஏன் அந்த எட்டு வீடுகளில் அத்தனை பாத்திரம்? மொட்டை மாடியில் போட்ட டயரா, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நிற்கும் தண்ணீரா, பழைய ஆட்டுக்கல்லா? பல இடங்களில் பதில் இவற்றில் எதுவுமில்லை. குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. அதனால் குடம், டிரம், சிமெண்ட் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைக்கிறார்கள். ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது இதுதான். ஆக, சுகாதாரத் துறை கொடுக்கும் அபராத நோட்டீஸ் போய்ச் சேர வேண்டிய முகவரி, குடிநீர் வழங்கும் உள்ளாட்சியின் முகவரியாக இருக்கக்கூடும். புழுவிலிருந்து தொடங்கி நகராட்சி பட்ஜெட்டில் போய் நிற்கும் மாணவர் பொது சுகாதாரம் படித்துவிட்டார் என்று நான் சொல்வேன். இதற்கு உயிரியல் வேண்டும், கணக்கு வேண்டும், பொருளாதாரம், உள்ளாட்சிச் சட்டம் வேண்டும். இந்த நான்கையும் ஒரே கல்லூரியில் கற்பிக்கக்கூடிய இடம் கலை, அறிவியல் கல்லூரிதான்.

இன்னொரு பாடம், ரத்த அழுத்தம். 2020-ல் தொற்றா நோய்கள் பற்றித் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ள வயது வந்தவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதத்தினருக்குத்தான். சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். மருத்துவமனை இல்லாத மாநிலமா இது? மாத்திரை இலவசம், மருத்துவர் இருக்கிறார். ஆனால் தனக்கு அழுத்தம் இருப்பது தெரியாதவர்கள் ஒரு பகுதி, தெரிந்தும் சிகிச்சை தொடங்காதவர்கள் ஒரு பகுதி, தொடங்கி நடுவில் விட்டவர்கள் ஒரு பகுதி. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணிய பிறகுதான், மாதாமாதம் மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை விடுவது யாருக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்வி எழும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்தக் கேள்விக்கான விடைகளில் ஒன்று. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். கொண்டுபோவதால் அழுத்தம் கட்டுக்குள் வருகிறதா என்பதை இனித் தொடர்ந்து அளக்க வேண்டும். எத்தனை லட்சம் வீடுகளுக்குப் போனோம் என்பது அரசு விளம்பரத்துக்கு ஆகும். அளவீடு அது அல்ல.

துணிக்கடை போன்ற இடங்களில் காலையிலிருந்து இரவுவரை நிற்கும் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டத் திருத்தமும் என் கணக்கில் ஒரு பொது சுகாதார நடவடிக்கைதான். அதில் ஒரு ஊசி, மாத்திரை கிடையாது.

மேலும் கீழும் உண்டு, நடு இல்லை

தமிழ்நாட்டின் பொது சுகாதாரக் கட்டமைப்பைப் பற்றிப் பலர் வியந்து எழுதுவதுண்டு. 2009-ல் மோனிகா தாஸ் குப்தாவும் சகாக்களும் உலக வங்கிக்காக எழுதிய ஆய்வறிக்கை அப்படி ஒன்று. மருத்துவக் கல்வி, மருத்துவ சேவைகள் இவற்றிலிருந்து பிரிந்து, சொந்த பட்ஜெட்டும் சொந்த அலுவலர்களும் கொண்ட பொது சுகாதார இயக்ககம் இங்கே நூறாண்டாக இருக்கிறது. மற்ற மாநிலங்களும் இப்படி ஒரு தனிப் பணிப்பிரிவை ஏற்படுத்த வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2022-ல் ஒன்றிய அரசு அதற்கு வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோதும் பெரிய கொள்ளைநோய் எதுவும் வெடித்துக் கிளம்பவில்லை. பிற மாவட்டங்களிலிருந்து சுகாதாரப் பணியாளர்கள் உடனே திருப்பிவிடப்பட்டார்கள், குளோரின் போட்டார்கள், தடுப்பூசி போட்டார்கள். நடக்காமல் போன கொள்ளைநோய்க்கு யாரும் நினைவுச்சின்னம் எழுப்புவதில்லை. இந்தத் துறையின் சாபம் அது.

ஆனால் இந்தக் கட்டமைப்பில் ஆளெடுப்பைக் கவனியுங்கள். மேலே, எம்.பி.பி.எஸ். படித்த மருத்துவர்கள்: பிறகு பொது சுகாதாரத்திலும் தகுதி பெற்ற மாவட்ட சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர். கீழே, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் அந்தச் செவிலியர் தாய் சேய் பதிவு, தடுப்பூசி, தொற்றா நோய், காசநோய் என்று எல்லாவற்றையும் எழுதுகிறார். எழுதியதையே மறுபடி கைபேசிச் செயலியில் ஏற்றுகிறார். அந்தத் தகவல் மேலே போகிறது. மேலே போனது அந்த வட்டாரத்துக்கே திரும்பி வந்து, ‘உங்கள் ஒன்றியத்தில் இந்த மூன்று ஊராட்சிகளில் மட்டும் ஏன் எடை குறைந்த குழந்தைகள் அதிகம்’ என்று ஒரு கேள்வியாக மாறுவது மிக அரிது. வட்டார மருத்துவ அலுவலர் காலையில் புறநோயாளிகளைப் பார்க்கிறார், மதியம் கூட்டத்துக்குப் போகிறார், மாலையில் அறிக்கையில் கையெழுத்திடுகிறார். படித்துப் பார்க்க நேரமும் ஆளும் இல்லாத இடத்தில்தான் தகவல் குவிந்துகிடக்கிறது.

மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் வட்டார பொது சுகாதார அலகுகளுக்குக் கட்டடங்கள் எழும்புகின்றன. ஆய்வகம் வரும், கணினி வரும். அந்த வட்டாரத்தின் எண்களைப் படித்து, வாரத்துக்கு ஒருமுறை அவற்றைக் கேள்விகளாக மாற்றி, செவிலியரிடமும் ஒன்றியக் குழுவிடமும் திருப்பிக் கொடுக்கிற ஒருவர் அந்தக் கட்டடத்தில் உட்கார வேண்டாமா? அதற்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. மூன்று அல்லது நான்காண்டு இதையே படித்த பட்டதாரி போதும்.

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பிக்கிறார்களே என்று கேட்கலாம். கற்பிக்கிறார்கள், குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் திட்டம்கூட இப்போது வந்திருக்கிறது. ஆனால் மேற்படிப்புக் கலந்தாய்வில் சமூக மருத்துவ இடங்கள் எந்த வரிசையில் நிரம்புகின்றன என்று எந்த மருத்துவ மாணவரையும் கேட்டுப் பாருங்கள்.

வெளியே நடந்தவை

இளநிலையில் பொது சுகாதாரம் என்பது புதுமை அல்ல. எத்தியோப்பியாவின் கோந்தர் நகரில் 1954-லேயே ஒரு பொது சுகாதாரக் கல்லூரி தொடங்கியது. மருத்துவர்களே அரிதான நாட்டில், சுகாதார அலுவலர், சமூகச் செவிலியர், சுற்றுப்புறச் சுகாதாரப் பணியாளர் ஆகியோரை அங்கே ஒன்றாகப் பயிற்றினார்கள். மூவரையும் ஒரே குழுவாகக் கிராம சுகாதார மையத்துக்கு அனுப்பிப் பழக்கினார்கள். நம் அண்டை நாடான நேபாளத்தில் பொது சுகாதார இளநிலைப் பட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இலங்கையில் 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சியாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல மருத்துவிச்சிகளும் இன்றும் ஊர் ஊராக இருக்கிறார்கள். 2016-ல் அந்த நாடு மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டதில் களத்தில் நின்ற இவர்களுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் அனுபவம் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது. 1916-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவான பள்ளிதான் அங்கே முன்மாதிரி. நீண்ட காலம் பொது சுகாதாரம் அங்கே பெரும்பாலும் முதுநிலைப் படிப்பாகவே இருந்தது. கல்லூரி மாணவர் எல்லாருக்கும் பொது சுகாதாரக் கல்வி கிடைக்க வேண்டும் என்று அந்நாட்டின் மருத்துவ நிறுவனம் 2003-ல் பரிந்துரைத்தது. அடுத்த பத்தாண்டுகளில் இளநிலைப் பட்டம் பெறுவோர் பல மடங்கு பெருகினார்கள். ஆனால் அவர்களில் அரசு சுகாதாரத் துறைகளில் போய்ச் சேர்ந்தவர்கள் சிறுபான்மையினரே. சம்பளம் குறைவு, பணியிடம் குறைவு, ஆளெடுக்கும் நடைமுறை நத்தை வேகம். கோவிட் வந்தபோது, பட்டதாரிகள் ஒருபுறம் இருந்தார்கள், ஆள் பற்றாக்குறை மறுபுறம் இருந்தது. பணியிடத்தை உருவாக்காமல் பட்டத்தை மட்டும் உருவாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நமக்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் திறந்த மாநிலம் இது.

தகரம் அடித்த வாசல்

இந்தப் படிப்பு வந்தால் அது எப்படி விற்கப்படும் என்பதுதான் என் பெரிய பயம். நீட் முடிவு வரும் வாரத்தில் நாளிதழ்களில் வரும் விளம்பரங்களைப் பாருங்கள்: வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், ‘மருத்துவத் துறையில் ஒளிமயமான எதிர்காலம்’. டாக்டர் ஆக முடியாத பிள்ளைக்கு ஆறுதல் பரிசாக இந்தப் படிப்பை நீட்டுவார்கள். அப்படிச் சேருகிற மாணவர் மூன்று ஆண்டும் தன்னைத் தோற்றவராகவே நினைத்துக்கொண்டிருப்பார். பொது சுகாதாரத்தின் விளம்பரப் பலகையில் ஸ்டெதாஸ்கோப் தொங்கினால் அங்கே பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்று பெற்றோருக்குச் சொல்லத் தோன்றுகிறது. உயிரியல் படித்தவருக்கு மட்டும்தான் இடம் என்ற விதியையும் ஆரம்பத்திலேயே தவிர்க்க வேண்டும். வணிகவியல் மாணவி சுகாதாரச் செலவுக் கணக்கை உயிரியல் படித்தவரைவிட நன்றாகப் படிப்பாள்.

இன்னொரு ஆபத்து வேறு வகையானது. பொது சுகாதாரம் அதிகாரம் கொண்ட துறை. 1897 கொள்ளைநோய்ச் சட்டம் பிளேக் பயத்தில் பிறந்தது. வீடு புகுந்து சோதனை போடவும் ஆட்களைப் பிரித்துவைக்கவும் அரசுக்கு வழிசெய்தது. 1939 சட்டத்திலும் அந்த வாசம் உண்டு. 2020-ல் பல ஊர்களில் கோவிட் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததை நாம் மறந்துவிடவில்லை. உள்ளே இருந்த குடும்பம் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. தகரத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காய்ச்சல் வந்தால் பரிசோதனைக்குப் போவாரா, மறைப்பாரா? இதை யோசிக்கத் தெரியாத சுகாதாரத் துறை காவல் துறையாகிவிடும். அதே ஆண்டு சென்னை மாநகராட்சி, தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித்தரத் தன்னார்வலர்களைச் சேர்த்தது. கல்லூரி மாணவர்கள் பலர் அதில் வந்தார்கள். காய்ச்சல் விசாரிக்க ஆயிரக்கணக்கானோர் தினமும் வீடு வீடாகப் போனார்கள். தகரத்தைவிட அது பயன்பட்டது என்பது என் கணிப்பு. எது எவ்வளவு பயன்பட்டது என்று அளந்து பார்ப்பதும், ஒருவரை அடைத்துவைக்கும் உரிமை அரசுக்கு எதுவரை உண்டு என்று விவாதிப்பதும் இந்தப் பாடத்தின் நடுவில் இருக்க வேண்டியவை. ‘அறவியல்’ என்று கடைசிப் பருவத்தில் இரண்டு மதிப்பீட்டுப் புள்ளிக்கு ஒரு தாள் வைத்தால் போதாது.

முதலில் நகர வேண்டியது உயர்கல்வித் துறை அல்ல, மக்கள் நல்வாழ்வுத் துறை. வட்டார பொது சுகாதார அலகில் இளநிலைப் பொது சுகாதாரப் பட்டதாரிக்கு ஒரு பணியிடம், அதற்கு ஊதிய நிலை, பணி விதி, அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு. இந்த அரசாணை முதலில் வர வேண்டும். 388 ஒன்றியங்களோடு மாநகராட்சிகளையும் நகராட்சிகளையும் சேர்த்தால் எத்தனை பேர் தேவை என்று கிடைக்கும். அதை வைத்து எத்தனை கல்லூரிகளில் எத்தனை இடம் என்று முடிவு செய்யலாம். பத்துக் கல்லூரிகள் போதும் என்று கணக்கு வந்தால் பத்தோடு நிறுத்த வேண்டும். அந்தப் பத்தும் சென்னையைச் சுற்றி இருக்கக் கூடாது. தருமபுரி, ராமநாதபுரம், நீலகிரி, கள்ளக்குறிச்சி என்று போக வேண்டும். கடைசி ஆண்டில் ஒரு பருவம் முழுக்க மாணவர் ஓர் ஒன்றியத்திலேயே தங்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரோடு நடக்க வேண்டும், அவருக்குக் கூடுதல் சுமையாக அல்ல, அவருடைய பதிவேட்டு வேலையில் பாதியைத் தூக்கிக்கொண்டு.

ஒப்பந்தப் பணி என்று மட்டும் தொடங்கிவிடக் கூடாது. மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுகளில் தகவல் பணியாளர்கள் பலர் ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். அடுத்த மார்ச் மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர், மேலதிகாரிக்குப் பிடிக்காத எண்ணை எழுதமாட்டார். இறப்பைக் குறைத்துக் காட்டாமல், பிரசவத்தைக் கூட்டிக் காட்டாமல், உள்ளதை உள்ளபடி எழுதுவதற்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும்.

மருத்துவர் சங்கங்கள் எதிர்க்கக்கூடும். தலைமைப் பதவிகள் யாருக்கு என்ற சண்டையாக அதை மாற்றிவிடாமல், வட்டார அளவில் இப்போது தனி ஆளில்லாமல் இருக்கும் வேலையைப் பற்றி மட்டும் பேசினால் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். ஏனெனில் அந்த வேலைச் சுமையை இன்று தூக்கிக்கொண்டிருப்பது வட்டார மருத்துவ அலுவலர்கள்தான்.

அரசாணைக்குக் காத்திருக்காமலும் ஒன்று செய்யலாம். எந்தப் பட்டம் படித்தாலும் எடுத்துக்கொள்ளும் வகையில் ‘எண்ணும் நோயும்’ போல ஒரு விருப்பப் பாடத்தை அரசுக் கல்லூரிகள் வரும் கல்வியாண்டிலேயே வைக்கலாம். பாடத்திட்டக் குழு ஒன்று கூடினால் போதும், புதிய கட்டடமோ ஆய்வகமோ வேண்டாம். பொது சுகாதாரத்தில் ஆசை இருக்கிற, ஆனால் இன்றைக்கு இளநிலையில் இடம் கிடைக்காத மாணவர்களுக்கு என் யோசனை இது: புள்ளியியல், சமூகவியல், பொருளாதாரம், விலங்கியல், ஊட்டச்சத்து இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதுநிலைப் பொது சுகாதாரப் படிப்புகளில் பல, பிற துறைப் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கின்றன. இடைப்பட்ட மூன்றாண்டு விடுமுறைகளில் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போய், செவிலியரின் அனுமதியோடு, அவர் ஒரு நாளில் என்னென்ன எழுதுகிறார் என்று உட்கார்ந்து பாருங்கள்.